டர்போ புகைக்கிறதா? கோரைக் கழற்றும் முன் ரிட்டர்ன் லைனைப் பாருங்கள்

"இன்னாணா, புது டர்போவே போச்சா?"

போன சித்திரையில் குடியாத்தத்துக்காரர் ஒருவர் தன் கமாண்டர் ஜீப்பை ஷெட்டுக்குள் விட்டு இறங்கும்போதே கேட்ட கேள்வி இது. வண்டிக்குப் பின்னால் கொசு மருந்து வண்டி போன மாதிரி நீலப் புகை. டர்போ இல்லாமல் வந்த பழைய டிஐ (டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும்) எஞ்சின் அது. (டர்போவில் புகை வாயு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றும்; அதே ஷாஃப்ட்டில் உள்ள கம்ப்ரசர் சக்கரம் எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும். ஷாஃப்ட்டும் சக்கரங்களும் பேரிங்கும் சேர்ந்த நடுப் பகுதிதான் கோர்.) மலையில் இழுக்கவில்லை என்று வெளியே ஒரு பட்டறையில் டர்போ ஏற்றியிருந்தார். எட்டு மாதத்தில் இரண்டு கோர் மாற்றியாயிற்று, மூன்றாவதும் புகைக்கிறது.

"சீல் மட்டமா வருதுன்றாங்கணா. வேற கம்பெனி கோர் போட்டுப் பாக்கலாமா?"

"கோர் அப்படியே இருக்கட்டும் தம்பி. கீழ போற அந்த ஹோஸ மட்டும் கழட்டுவோம்."

கழற்றினோம். டர்போவுக்குள் போன எண்ணெய் எஞ்சினுக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் அது. அரை அங்குல ஹோஸ். டர்போவிலிருந்து இறங்கி, எஞ்சின் மவுண்டிங்குக்கு அடியில் தூளி மாதிரி தொங்கி, மறுபடி நாலு விரல் மேலேறி சேம்பரில் நுழைந்திருந்தது. (எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் ஆயில் சம்ப்பைத்தான் பட்டறையில் சேம்பர் என்கிறோம்.) அந்தத் தொங்கலில் எந்நேரமும் எண்ணெய் தேங்கி நின்றது. வடிய வழியில்லாத எண்ணெய் சைலன்சர் பக்கம் வழி தேடிக்கொண்டது. மூன்று கோருமே நல்ல கோர்கள்தான். ஹோஸின் அளவையும் பாதையையும் மாற்றினோம். அதே மூன்றாவது கோர்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

அவருக்கு அன்று விளக்கியதையும், பிறகு வந்த வண்டிகளில் கற்றதையும் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஆனால் இரண்டு விஷயம் தெரியாமல் நேராக அறிகுறிக்குப் போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒன்று, டர்போவுக்குள் நாம் 'சீல்' என்று சொல்வது கிராங்க் ஆயில் சீல் மாதிரி ரப்பர் சீல் அல்ல. பிஸ்டன் ரிங் போன்ற சின்ன இரும்பு வளையம், ஷாஃப்ட்டில் வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். தேங்கி நிற்கும் எண்ணெயைத் தடுத்து நிறுத்த அதனால் ஆகாது. இரண்டு பக்கச் சக்கரங்களுக்குப் பின்னாலும் இருக்கும் காற்றழுத்தம் நடு ஹவுசிங்கில் இருப்பதைவிட அதிகமாக இருக்கிறவரைதான் எண்ணெய் உள்ளேயே இருக்கும். நடுவில் எண்ணெய் நிரம்பினாலோ, சேம்பர் பக்கமிருந்து காற்று எதிர்த்து அடித்தாலோ, பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த டர்போவும் கசியும்.

இரண்டு, ஃபீடும் ரிட்டர்னும் ஒரே ஜாதி இல்லை. ஃபீடில், அதாவது டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் லைனில், எண்ணெய் பம்ப்பின் அழுத்தத்தில் வருகிறது. ஓட்டத்தில் சதுர செ.மீ.க்கு மூன்று நாலு கிலோ அழுத்தம் இருக்கும். ஆறு மி.மீ. குழாயே அதற்குத் தாராளம். ரிட்டர்னில் தள்ளிவிட ஆளே இல்லை, தன் எடையில் தானே விழ வேண்டும். போதாததற்கு, நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஷாஃப்ட்டைச் சுற்றி வந்த எண்ணெய் காற்றோடு கலந்து நுரைத்துப் போய் இறங்குகிறது. நுரைக்கு இடம் அதிகம் வேண்டும். 12 மி.மீ. துளையைவிட 19 மி.மீ. துளைக்குப் பரப்பு இரண்டரை மடங்கு. 'மேலே சின்ன பைப்தானே, கீழேயும் அதுவே போதும்' என்று போட்ட வண்டிகள்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சோறு போடுகின்றன.

எங்கள் பக்கத்தில் ஏரி நிரம்பி வழிந்தால் 'கோடி போகுது' என்போம். காவேரிப்பாக்கம் மாதிரி பெரிய ஏரியானாலும் சரி, ஊர்க் குட்டை ஆனாலும் சரி, கோடிக் கால்வாயில் மண்ணைக் கொட்டி மூடிவிட்டால் தண்ணீர் தெருவுக்குள்தான் வரும். அப்போது கரை கட்டினவனைத் திட்டி என்ன பயன்?

சரியான பாதை எப்படி இருக்கும்?

டர்போவின் நடு ஹவுசிங்கில் ஃபீட் துளை மேலேயும் ரிட்டர்ன் துளை கீழேயும் இருக்க வேண்டும். ரிட்டர்ன் துளை நேர்க்குத்துக்கோட்டிலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. மேனிஃபோல்டில் உட்காரவில்லை என்று டர்போவையே திருப்பி மாட்டுபவர்கள் உண்டு. அப்படிச் செய்யாமல் இரண்டு பக்க ஹவுசிங் போல்ட்டுகளையும் தளர்த்தி, நடு ஹவுசிங்கைத் திருப்பி, துளையைக் கீழ்நோக்கி வைத்து முடுக்குங்கள். அங்கிருந்து சேம்பர் வரை குழாய் இறங்கிக்கொண்டே போக வேண்டும். சமமாக ஓடும் இடமும் கூடாது, தொங்கல் அறவே கூடாது. உள் அளவு 16 முதல் 19 மி.மீ.; ஏஎன் கணக்கில் வாங்கினால் பத்தாம் நம்பருக்குக் குறையக் கூடாது. (ஏஎன் நம்பர் என்பது அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பது. நாலு என்றால் கால் அங்குலம், பத்து என்றால் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 5/8 அங்குலம்.) சேம்பரில் நுழையும் இடம் எண்ணெய் மட்டத்துக்கு மேலே, கிராங்க் சுழன்று எண்ணெயை வீசி அடிக்காத பக்கமாக இருக்க வேண்டும். டைமிங் கவரில் மட்டத்துக்கு மேல் இடம் கிடைத்தால் அங்கும் விடலாம். எஞ்சின் தலையை மூடும் டேப்பட் கவரிலோ, சேம்பர் வாயுவை வெளியேற்றும் பிரீதர் பைப்பிலோ விடாதீர்கள்.

இனி அறிகுறிகள்.

நின்றால் புகை, ஓடினால் இல்லை

வேலூர் கிரீன் சர்க்கிள் சிக்னலில் இரண்டு நிமிடம் நிற்கிறீர்கள். பச்சை விழுந்து கிளம்பியதும் பின்னால் வருபவர் கண்ணாடியை ஏற்றும் அளவுக்கு நீலப் புகை. பள்ளிகொண்டா வரை நெடுஞ்சாலையில் போனால் புகையே இல்லை. ரிட்டர்ன் கோளாறை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் அறிகுறி கிடையாது. ஐட்லிங்கில் சக்கரங்களுக்குப் பின்னால் காற்றழுத்தம் ஏறக்குறைய இல்லை, எண்ணெய் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. வடிகால் கொஞ்சம் குறைந்தாலும் டர்பைன் பக்கம் கசிந்து சைலன்சரில் சேரும். கிளம்பியதும் அது சூடேறி எரிகிறது.

இதற்கு நான் செய்வது தூக்குப் பரிசோதனை. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி அணையுங்கள். ரிட்டர்ன் ஹோஸின் கீழ்முனையைச் சேம்பர் நிப்பிளிலிருந்து (ஹோஸ் மாட்டும் குட்டைக் குழாய்) கழற்றி, வளைவில்லாமல் ஓர் எவர்சில்வர் தூக்குக்குள் விடுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், சுடு எண்ணெயில் சுருங்கிவிடும். நிப்பிளை ரப்பர் மூடி போட்டு அடையுங்கள். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். எண்ணெய் வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்பதை மறந்து அரட்டையில் இறங்கிவிடாதீர்கள்.

எண்ணெய் அறாமல் தாரையாக விழுந்தால் டர்போவும் ஃபீடும் ஹோஸும் சரி. கோளாறு நிப்பிளில் இருக்கிறது, இல்லையென்றால் சேம்பருக்குள். சொட்டுச் சொட்டாக, விட்டு விட்டு விழுந்தால் ஹோஸையும் கழற்றிவிட்டு டர்போவின் வாயிலிருந்தே நேராகப் பிடித்துப் பாருங்கள். அங்கே தாரை வந்தால் குற்றவாளி ஹோஸ். அங்கேயும் வராவிட்டால் ஃபீட் பக்கம் போக வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

ஹோஸ்தான் என்று முடிவானபின் வெளியே மட்டும் பார்த்தால் போதாது, உள்ளே விரலை விடுங்கள். ரேடியேட்டர் ஹோஸை வெட்டிப் போட்டிருப்பார்கள். அது தண்ணீருக்கான ரப்பர். எண்ணெய் பட்டால் ஊறி உள்பக்கம் வீங்கும், வெளியே புதுசு மாதிரியே இருக்கும். நீலமும் சிவப்புமாக மினுங்கும் சாதாரண சிலிக்கான் ஹோஸும் எண்ணெய்க்கு ஆகாது. உள்ளே ஃப்ளோரோ பூச்சு இருந்தால்தான் தாங்கும். இரும்புப் பைப்பை வளைத்து, இரண்டு முனையில் மட்டும் எண்ணெய் தாங்கும் ஹோஸ் துண்டு போடுவதுதான் என் வழக்கம். அழகாக இருக்காது, ஆனால் தொங்காது.

ஃபிளேஞ்சையும் விடாதீர்கள். கேஸ்கெட்டைக் கையால் வெட்டும்போது துளை சின்னதாகிவிடும். அதன்மேல் சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவியிருப்பார்கள். இறுக்கும்போது பேஸ்ட் பிதுங்கி உள்ளே உதடு மாதிரி நிற்கும். 19 மி.மீ. பைப் போட்டு 10 மி.மீ. வாய் வைத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று நானே போட்டது.

நிப்பிள் எண்ணெய் மட்டத்துக்குள் மூழ்கியிருக்கிறதா என்று பார்க்க டிப் ஸ்டிக்கை வெளியே சேம்பரின் பக்கத்தில் வைத்து அளந்து மட்டத்தைச் சாக்பீஸால் கோடு போடுங்கள். நிப்பிள் கோட்டுக்குக் கீழே இருந்தால் வேறு வழியில்லை, சேம்பரை இறக்கி மேலே புதுத் துளை போட்டு வெல்டு வைக்க வேண்டும். இறக்காமலே துளை போட்டு 'கிரீஸ் தடவிக்கிட்டா தூள் உள்ள விழாது' என்பவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். ஒரு சில்லு பம்ப்பைப் பிடித்துக்கொண்டால் டர்போவோடு எஞ்சினும் சேர்ந்து போகும். சேம்பர் அலுமினியம் என்றால் சாதா வெல்டிங் பிடிக்காது. ஆர்கான் வெல்டிங் உள்ள இடத்துக்குக் கொண்டு போங்கள்.

டர்போவையே சேம்பருக்குச் சமமாகவோ கீழேயோ தொங்கவிட்டிருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. எண்ணெய் தானாக மேலே ஏறாது. தனியாக உறிஞ்சு பம்ப் வைக்க வேண்டும், முடியாவிட்டால் டர்போவை உயர்த்த வேண்டும். எனக்கு உயர்த்துவதுதான் பிடிக்கும். பம்ப் நின்றுபோனால் டிரைவருக்கு அது தெரியப் போவதில்லை.

ஏற்றத்தில் மட்டும் புகை

பொன்னேரி பக்கமிருந்து ஏலகிரி ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவு. பழைய எஞ்சினுக்கு ஏற்றிய டர்போவை அந்த மலை நன்றாகவே விசாரிக்கும். சமவெளியில் ஒழுங்காக இருந்துவிட்டு, நாலைந்து வளைவுக்குப் பின் நீலப் புகையும் டிப் ஸ்டிக் குழாயிலிருந்து எண்ணெய் தெறிப்பும் வந்தால், அது பேக் கம்ப்ரஷன்.

பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறினால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். தேய்ந்த ரிங் வழியாக வாயு சேம்பருக்கு இறங்கும். பிரீதர் அதை வெளியேற்ற முடியாமல் போனால் சேம்பருக்குள் அழுத்தம் கட்டும். அந்த அழுத்தம் ரிட்டர்ன் குழாய் வழியாக மேலே ஏறி, விழும் எண்ணெயை எதிர்த்து நிற்கும். குழாய் எவ்வளவு பெரியது என்பது இங்கே கணக்கே இல்லை.

சோதனை சுலபம். சூடான எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைத் திருகி எடுத்து, தலைகீழாக வாய்மேல் சும்மா வையுங்கள். லேசாக அதிர்ந்தால் பரவாயில்லை. குதித்து விழுந்தால் ரிங் பக்கம் வேலை இருக்கிறது, அல்லது பிரீதர் அடைத்திருக்கிறது. பிரீதர் பைப்பைக் கழற்றி ஊதிப் பாருங்கள். பாலாற்று மணல் லாரிகளுக்குப் பின்னாலேயே ஓடிய வண்டிகளில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து தார் மாதிரி இறுகிக் கிடக்கும். சுத்தம் செய்தபின் மூடி அடங்கினால் அதோடு விட்டது. அடங்காவிட்டால் கம்ப்ரஷன் பார்த்துவிட்டு ரிங் வேலைக்குத் தயாராகுங்கள். அந்த எஞ்சினுக்கு டர்போ ஏற்றியதே அவசரம் என்பதை வாடிக்கையாளரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியது நம் பாடு.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு பந்து புகை, பிறகு இல்லை

இதற்கு டர்போவைத் தொடவே வேண்டாம். இரவெல்லாம் வால்வ் கைடு வழியாக இறங்கிய எண்ணெய் அது. வால்வ் சீலைப் பாருங்கள்.

இன்டர்கூலர் ஹோஸில் எண்ணெய்

டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை ஆற்றுவது இன்டர்கூலர். அதன் ஹோஸுக்குள் விரல் விட்டால் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருப்பது எல்லா டர்போ வண்டியிலும் உண்டு. பிரீதர் ஆவி வந்து படியும். ஹோஸைக் கழற்றினால் கொட்டுகிறது என்றால்தான் கவலை. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். ஃபில்டர் அடைத்திருந்தால் கம்ப்ரசர் வாயில் இழுவை உண்டாகி, வளையத்தைத் தாண்டி எண்ணெயை உறிஞ்சும். ஃபில்டர் சரியென்றால் முன்சொன்ன ரிட்டர்ன், பிரீதர் சோதனைகள். இரண்டும் சரியென்றால்தான் கோர்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். இன்டர்கூலரில் தேங்கிய எண்ணெயை எஞ்சின் ஒரு நேரம் மொத்தமாக உறிஞ்சினால் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தானாக ஓட ஆரம்பிக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ரேஸ் ஏறிக்கொண்டே போகும், ஊரே புகையாகும். டிரைவர் சீட்டில் இருந்தால் மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்து, கிளட்சை விட்டு எஞ்சினை அடக்க வேண்டும். வெளியே நிற்பவர் கம்ப்ரசர் வாயை முழுதாக மூடும் கனமான பலகையால் அடைக்கலாம். கையால் மூடாதீர்கள், துணியைச் சுருட்டி வைக்காதீர்கள்; இரண்டையும் உள்ளே இழுத்துவிடும். இரண்டுக்கும் வழியில்லாவிட்டால் தள்ளிப் போய்விடுங்கள். எஞ்சின் போனால் வேறு வாங்கலாம். என் ஷெட்டில் டர்போ ஏற்றிய எந்த வண்டியை முதல் தடவை ஸ்டார்ட் செய்தாலும் பக்கத்தில் ஒரு பலகை இருக்கும்.

புகை இல்லை, ஆனால் சங்கு ஊதுகிற சத்தம். சில நாளில் ஷாஃப்ட் ஆட்டம்

இது நேர் எதிர்ப் பக்கம். எண்ணெய் போதவில்லை. ஃபில்டர் ஹோஸைக் கழற்றி, எஞ்சின் ஆறியபின் ஷாஃப்ட் முனையைப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. புஷ் எண்ணெயில் மிதக்கும்படி அமைத்தது அது. சக்கரம் ஹவுசிங்கில் உரசினாலோ, முன்னும் பின்னும் இழுக்கும்போது கைக்குத் தெரிகிற அளவு ஆடினாலோ கோர் முடிந்தது. ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அடுத்த கோரை வாங்காதீர்கள், அதுவும் அதே நாள் கணக்கில் போகும்.

நான் கண்ட காரணங்களில் முதலிடம் டெஃப்லான் டேப்புக்குத்தான். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற மாதிரி ஃபீட் யூனியனில் சுற்றுவார்கள். முறுக்கும்போது ஓர் இழை அறுந்து உள்ளே போகும். டர்போ வாயில் உள்ள துளை அந்த இழைக்கே அடைத்துக்கொள்ளும். ஃபீட் லைனில் எங்கேயும் டேப் வேண்டாம், சிலிக்கான் பேஸ்ட்டும் வேண்டாம். காப்பர் வாஷர் போதும்.

அடுத்தது பேஞ்சோ போல்ட், அதாவது நடுவில் எண்ணெய் போகத் துளையிட்ட போல்ட். சில வண்டிகளின் பழைய போல்ட்டுக்குள் ஊசித் துளைதான் இருக்கும், அது வேறு வேலைக்கு வந்தது. துளை பாதியானால் பரப்பு காலாகிவிடும் என்பதை மறக்காதீர்கள். மூன்றாவது, யாரோ வீடியோ பார்த்துவிட்டுப் போட்ட ரெஸ்ட்ரிக்டர் (எண்ணெய் ஓட்டத்தைக் குறைக்கும் சின்னத் துளைத் துண்டு). பால் பேரிங் டர்போவுக்கு ஏறக்குறைய ஒரு மி.மீ. துளை வைத்த ரெஸ்ட்ரிக்டர் தேவை, இல்லாவிட்டால் எண்ணெய் அதிகமாகிக் கசியும். நம் பக்கம் ஏற்றும் டர்போக்களில் பெரும்பாலும் புஷ் பேரிங். அதற்கு எண்ணெய் நிறைய வேண்டும். அதே ஒரு மி.மீ.யை இங்கே போட்டால் பட்டினிதான். எது உங்கள் டர்போ என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தப்பாகப் போகலாம்.

ஃபீட் எடுக்கும் இடமும் முக்கியம். பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் டீ போட்டு எடுப்பது வழக்கம், அது மெயின் கேலரியாக (எஞ்சினுக்குள் எண்ணெய் ஓடும் முதன்மை வழி) இருந்தால் நல்லது. சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறும் லைனிலிருந்து எடுத்தால் ஹெட்டுக்குப் போக மிச்சம்தான் டர்போவுக்குக் கிடைக்கும். டீ போட்ட பிறகு சூடான ஐட்லிங்கில் ஆயில் லைட் மினுக்கினால் பம்ப்போ மெயின் பேரிங்கோ ஏற்கெனவே களைத்துப் போயிருக்கிறது, டர்போ அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கேஜ் மாட்டி அளந்து பாருங்கள். கத்திரியில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காலைக் குளிரில் பார்த்த பிரஷரை நம்பி வண்டியைக் கொடுத்தால் மத்தியானம் போன் வரும்.

புது டர்போ முதல் அரை நிமிடத்திலேயே போவதும் உண்டு. மாட்டும்போது ஃபீட் வாயில் எண்ணெய் ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். டீசல் சப்ளையை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டு அடித்து, ரிட்டர்ன் வாயில் எண்ணெய் வந்தபின் ஹோஸை மாட்டுங்கள். பிறகு ஸ்டார்ட். இதைச் செய்யாத நாள் எதுவும் என் கணக்கில் இல்லை என்று சொல்ல ஆசைதான்.

ஃபீட் லைனுக்குள் கரி

லைனைக் கழற்றி ஊதினால் கரித்தூள் கொட்டுகிறது. இரண்டு காரணம். ஒன்று, லைன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை உரசிப் போகிறது. நாலு விரல் இடைவெளி விட்டு, மேலே வெப்ப உறை போடுங்கள். இன்னொன்று டிரைவர். அணைக்கட்டு பக்கம் மலையிலிருந்து முழு லோடோடு வந்து டீக்கடையில் பட்டென்று அணைப்பார். எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும், டர்பைன் சூடு அப்படியே இருக்கும். உள்ளே நின்ற எண்ணெய் கருகும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைக்கச் சொல்லுங்கள். கருகிய லைனைக் கழுவிப் போடாதீர்கள். ஒட்டியிருக்கும் கரி பிறகு பெயர்ந்து பேரிங்குக்கே போகும். புது லைன் போடுங்கள்.

ஜேசிபி ஹோஸ் அழுத்துகிற கடைகளில் ஃபீட் லைன் செய்து வாங்குவது நம்மிடையே வழக்கம். அழுத்தத்துக்கு அது ரொம்பவே அதிகம், ஆனால் சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் 100 டிகிரி வரைக்கும்தான். டர்போ பக்கத்தில் அது ஒரு வருடத்தில் மரக்கட்டையாகி வெடிக்கும். ஃபீடில் வெடித்தால் எண்ணெய் நேராகச் சிவந்த மேனிஃபோல்ட்மேல் பீறும். தீ அப்படித்தான் பிடிக்கிறது. உள்ளே டெஃப்லான் குழாய், வெளியே ஸ்டீல் பின்னல் உள்ள ஹோஸ் கேளுங்கள், இருநூறு டிகிரிக்கு மேல் தாங்கும்.

வெளியே கசிவு, எத்தனை முறுக்கியும் நிற்கவில்லை

முறுக்குவதை நிறுத்துங்கள். மரை மாறியிருக்கிறது. 1/8 என்பிடிக்கு (அமெரிக்கக் குழாய் மரை) அங்குலத்துக்கு 27 மரை, 1/8 பிஎஸ்பிக்கு (பிரிட்டிஷ் குழாய் மரை) 28. இரண்டும் இரண்டு மூன்று சுற்று சமர்த்தாக ஏறும், அதன்பின் வார்ப்பு விரியும். எம்10க்கு ஒரு மி.மீ. பிட்ச் போல்ட்டும் பிஎஸ்பியோடு இப்படித்தான் கண்ணாமூச்சி ஆடும். மரை கேஜ் விலை அதிகமில்லை. அது இல்லாவிட்டால் இரண்டு பாகத்தையும் லேத் பட்டறைக்கு எடுத்துப் போய் ஒரே மரையில் அடாப்டர் செய்து வாங்குங்கள்.

மரை சரி, ஆனாலும் கசிகிறது என்றால் காப்பர் வாஷர். ஒருமுறை நசுங்கியது மறுமுறை பிடிக்காது. புதுசு கையில் இல்லாத இடத்தில் கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். ஆம்பூரிலிருந்து வந்த ஒருவர் கசிவுக்குத் தோலில் வாஷர் வெட்டிப் போட்டிருந்தார். வெட்டு என்னவோ மெஷினில் வெட்டினது போல அவ்வளவு சுத்தம். சூட்டில் அப்பளமாகியிருந்தது.

எல்லாம் சரி செய்தும் புகைகிறது

பழைய எண்ணெய். மாதக்கணக்கில் கசிந்தது சைலன்சர் முழுக்க ஊறிக் கிடக்கும், இன்டர்கூலரிலும் தேங்கியிருக்கும். இன்டர்கூலரைக் கழற்றி டீசல் ஊற்றிக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வைத்துத்தான் மாட்ட வேண்டும். சைலன்சரை அப்படிக் கழுவ முடியாது, ஓட்டித்தான் எரிக்க வேண்டும். காட்பாடியிலிருந்து சித்தூர் வரை போய்த் திரும்பச் சொல்வேன். திரும்பும்போது புகை குறைந்திருந்தால் சரியான வழியில் இருக்கிறோம். அதேபோல இருந்தால் தூக்கை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

ஆர்சி புத்தகம் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. டர்போ ஏற்றும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் பானட்டைத் திறக்கும்போது கேட்டுப் பலனில்லை.

வண்டி திரும்பியதும் எஞ்சின் ஆறும் முன் டார்ச்சைப் பிடித்து நான்கு இடம் பாருங்கள்: ஃபீட் டீ, டர்போ மேல்வாய், ரிட்டர்ன் ஃபிளேஞ்ச், சேம்பர் நிப்பிள். நான்கையும் வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு, மறுநாள் காலை அதே துணியை மறுபடி ஒற்றிப் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டரில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுங்கள். வெட்டியது, வெல்டு வைத்தது எல்லாவற்றின் தூளும் அந்த எண்ணெயில்தான் இருக்கும்.